ஓடும் கணினியை ஓரங்கட்டுவானேன்?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குத் தந்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்தாண்டு ஓடிய இயங்குதளம் அது. ஆதரவு நின்ற மறுநாள் எந்த வீட்டிலும் கணினி நின்றுவிடவில்லை. அதே திரை, அதே கோப்புகள், அதே வேகம். மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் நின்றுபோயின. சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிடலாம் என்று பார்த்தால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இன் பிற்பகுதியில்தான். ஆக, ஐ5 செயலியும் 8 ஜிபி நினைவகமும் கொண்டு, ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு முழுவதும் உழைத்து, இன்றும் குறையில்லாமல் ஓடுகிற மடிக்கணினிகூடத் தகுதியில்லாதது ஆகிவிடுகிறது. புதிது வாங்க வேண்டும், இல்லையென்றால் ஆபத்தோடு ஓட்ட வேண்டும். இரண்டே வழிதான் என்ற எண்ணம் பலருக்கும் பதிந்துவிட்டது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அந்தக் கணினியில் லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாம். சராசரி வீட்டின் தேவைக்கு அது போதும். எந்த வீட்டுக்குப் போதாது என்பதையும் முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

திருத்தம் வராவிட்டால் என்ன, ஓடுகிறவரை ஓடட்டும் என்று இருப்பவர்கள் 2017 மே மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வன்னாக்ரை என்ற தீநிரல் அந்த மாதம் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் ரத்தாயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் அந்தத் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத கணினிகள். ஆதரவு நின்ற இயங்குதளத்தில் இப்படிப்பட்ட ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அடைக்கத்தான் ஆள் இருக்காது. வீட்டுக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஓராண்டு நீட்டிப்பு தந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 30 டாலர் கட்டியோ, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டோ 2026 அக்டோபர் வரை திருத்தங்களைப் பெறலாம். யோசித்து முடிவெடுக்க அது நல்ல அவகாசம். ஆனால் நம் ஊரில் பலரும் போகிற வழி வேறு. கடையில் கொடுத்து 'ஃபார்மட்' செய்துவாங்கும்போது கள்ளச் சாவியோடு ஒரு விண்டோஸ் உள்ளே வந்து உட்காருகிறது. கள்ளச் சாவிக் கருவிகள் பலவும் முதல் வேலையாக வைரஸ் தடுப்பை அணைத்துவிடச் சொல்பவை. யார் எழுதினார்கள், உள்ளே என்ன வைத்தார்கள் என்று தெரியாத ஒரு நிரலுக்கு வங்கிக் கணக்கு திறக்கப்படும் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறோம். காசு மிச்சம் என்பதற்காக இந்த வழியில் போகிறவர்கள், அதே காசு மிச்சமாகும் நேர்மையான வழி ஒன்று இருப்பதை அறிய வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் பக்கமும் நியாயம் இருக்கிறது. டிபிஎம் வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. வட்டைப் பூட்டும் மறைகுறிச் சாவிகளைப் பாதுகாக்கவும், கணினி எழும்போதே யாரும் குறுக்கே புகாமல் காக்கவும் அது உண்மையாகவே உதவுகிறது. பத்தாண்டு ஆதரவு என்பதும் குறைவான காலம் இல்லை. ஆனால் ஒரு நிறுவனம் தன் புதிய பொருளுக்குத் தகுதி வரம்பு வைப்பது வேறு. அந்த வரம்புக்கு வெளியே நிற்கும் இயந்திரம் பயனற்றது என்று நாம் முடிவுகட்டுவது வேறு. முதலாவது அவர்கள் உரிமை. இரண்டாவதை நம்மீது யாரும் திணிக்கவில்லை, நாமாக ஏற்றுக்கொள்கிறோம். அதற்குக் கொடுக்கும் விலையோ பெரிது. 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைச் சேர்த்தது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடுதான் என்றும் ஐநா அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி எங்கே போகிறது என்பதை நம் நகரங்களின் ஓரங்களில் கம்பி எரிக்கும் புகை சொல்லும். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம வெளியேற்றத்தில் பெரும்பங்கு அதை உற்பத்தி செய்யும்போதே நடந்துவிடுகிறது. ஆகவே, இருக்கிற இயந்திரத்தை இன்னும் நான்கு ஆண்டு ஓட்டுவது வீட்டுக் கணக்குக்கு மட்டும் லாபமில்லை.

லினக்ஸ் என்பது என்ன, அதை ஏன் சும்மா தருகிறார்கள் என்ற ஐயம் இயல்பானது. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன், யாரும் பயன்படுத்தவும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்து க்னூ திட்டத்தைத் தொடங்கினார். அதற்கான கருவிகள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டன. வன்பொருளோடு பேசும் மையப்பகுதி மட்டும் கைகூடாமல் இழுத்துக்கொண்டே போனது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய மையப்பகுதி அந்த இடத்தை நிரப்பியது. அதுவே லினக்ஸ். இன்று உங்கள் கையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் மையத்தில் இருப்பதும் அதுதான். உலகின் வேகமான 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்ற அத்தனையும் லினக்ஸில் ஓடுபவை. அதில் மாற்றங்களை எழுதி அனுப்புகிறவர்களில் தன்னார்வலர்களைவிடச் சம்பளம் வாங்கும் பொறியாளர்களே இன்று மிகுதி. இன்டெல், கூகுள், ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள், ஏன், மைக்ரோசாஃப்ட்கூட ஆள் போட்டு எழுதுகின்றன. தங்கள் சர்வர்களுக்கு அது வேண்டும் என்பதால். ரெட் ஹாட் நிறுவனத்தை ஐபிஎம் 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. நிறுவனங்களுக்கு ஆதரவும் பராமரிப்பும் விற்றுச் சம்பாதிக்கிறார்கள். அதே நிரல் வீட்டுக்கு விலையின்றி வருகிறது. உங்கள் தகவலை விற்றுத்தான் இதை இலவசமாகத் தர வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை.

இதெல்லாம் இருபது ஆண்டுகளாக இருப்பதுதானே, அப்போது ஏன் வீட்டுக்கு வரவில்லை? அன்று வீட்டுக் கணினியின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி மென்பொருள் தேவைப்பட்டது, அவை எல்லாம் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டன. வங்கித் தளங்கள்கூட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இல்லாமல் திறக்க மறுத்த காலம் அது. இன்று நிலைமை தலைகீழ். மின் கட்டணம், ரயில் முன்பதிவு, பட்டா சிட்டா, வருமான வரிக் கணக்கு, கல்லூரி விண்ணப்பம், இணையவழி வகுப்பு, யூடியூப், மின்னஞ்சல் என வீட்டுக் கணினியின் வேலைகளில் பெரும்பாலானவை உலாவிக்குள் போய்விட்டன. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் விண்டோஸில் எப்படியோ அப்படியே லினக்ஸிலும் ஓடுகின்றன. விண்டோஸின் பலமாக இருந்த மென்பொருள் குவியலை வெளியிலிருந்து யாரும் தகர்க்கவில்லை. இணையம் வளர வளர அதன் தேவையே சுருங்கிவிட்டது. பழைய தயக்கங்களை இந்த ஒரு மாற்றத்தின் வெளிச்சத்தில் மறுபடி எடைபோட வேண்டும் என்பதே நான் வற்புறுத்துவது.

உலாவிக்கு வெளியே மிச்சமிருக்கும் வேலைகளில்தான் கவனம் தேவை. முதலில் ஆவணங்கள். லிப்ரே ஆஃபிஸ் வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும், திருத்தும், அதே வடிவில் சேமிக்கும். கடிதம், விண்ணப்பம், வீட்டு வரவுசெலவு ஆகியவற்றுக்கு அது தாராளம். ஆனால் படங்களும் அட்டவணைகளும் நெருக்கமாக அடுக்கப்பட்ட கோப்பில் பக்க அமைப்பு குலையலாம். எக்செல் மேக்ரோக்கள் பல ஓடாது. தமிழ்க் கோப்புகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. விண்டோஸில் வரும் லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் லினக்ஸில் இருக்காது. வேறு யூனிகோடு எழுத்துருவில் ஆவணம் சரியாகவே படிக்கக் கிடைக்கும், ஆனால் பக்க எண்ணிக்கை மாறும். பாமினி, வானவில் காலத்துப் பழைய கோப்புகளுக்கு அந்தந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே எடுத்துவர வேண்டும், இல்லையென்றால் எழுத்துக் குப்பைதான் தெரியும். தட்டச்சைப் பொறுத்தவரை என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவை விண்டோஸுக்கு உரியவை. லினக்ஸில் ஐபஸ் என்ற கருவியின் வழியே தமிழ்99, பழைய தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை எல்லாமே கிடைக்கின்றன. விரல் பழகிய முறையை யாரும் கைவிட வேண்டியதில்லை.

அச்சுப்பொறி அடுத்த கண்டம். எச்பி, எப்சன் கருவிகள் பெரும்பாலும் சொருகியதும் வேலை செய்யும். நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் அதிகம் காணப்படும் கேனன் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் வகைகளோ லினக்ஸில் பாடாய்ப் படுத்துபவை. வாங்கியிருக்கும் மாதிரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு இறங்குவதே புத்திசாலித்தனம். டேலியில் கணக்கெழுதுகிறவர், கணக்காய்வாளருக்கான எண்மக் கையொப்பக் கருவியை நாள்தோறும் சொருகுகிறவர், ஃபோட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் பிழைப்பு நடத்துகிற டிடிபிக்காரர் ஆகியோரிடம் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் எல்லாம் நல்ல மென்பொருள்களே. புதிதாகக் கற்பவர் அவற்றிலேயே தொடங்கலாம். ஆனால் அச்சகம் கேட்கும் வடிவில் நாளைக் காலைக்குள் கோப்பைக் கொடுக்க வேண்டியவரின் கையைக் கட்டிப்போடுவது உதவி ஆகாது. விளையாட்டுகளில் நிறைய இப்போது ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தார் 2018இல் கொண்டுவந்த புரோட்டான் வழியே ஓடுகின்றன. வலோரன்ட் போல ஏமாற்றுத் தடுப்பு நிரலைக் கட்டாயமாக்கியவை ஓடுவதில்லை. கட்டணத் திரைப்படத் தளங்கள் சிலவற்றில் படத்தின் துல்லியம் குறைவாகக் கிடைக்கும். இவ்வளவுதான் தடைகள். இவற்றில் எதுவும் தன் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்று காண்பவர்களே எண்ணிக்கையில் மிகுதி என்பது என் மதிப்பீடு.

லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டுமே என்ற அச்சம் பழைய செய்தி. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைத் திறந்தால் கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், கோப்புறைகள் என்று விண்டோஸ் 7இல் பழகியவருக்கு வழி தானே தெரியும். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் தெருமுனையில் எந்த மெக்கானிக்குக்குத் தெரியுமோ அந்த வண்டியைத்தான் வாங்குவோம். விண்டோஸ் கோளாறு என்றால் பார்த்துத்தர ஊருக்கு நாலு கடை இருக்கிறது. லினக்ஸ் என்றதும் கடைக்காரர் தலையை ஆட்டுகிறார். இந்த மறுப்பே எல்லாவற்றிலும் வலுவானது. இதை வென்று காட்டிய இடம் நம் அண்டை மாநிலம். கேரளத்தில் 2001இல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி இன்று கைட் என்ற பெயரில் நடக்கும் திட்டம், அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியை முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள், பத்தாம் வகுப்புக் கணினிச் செய்முறைத் தேர்வையே அதில் நடத்தினார்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு தாங்களே வடிவமைத்த இயங்குதளத்தை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஓட்டுகிறார்கள். அங்கே லினக்ஸ் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. நம்மிடம் விதை இல்லாமல் இல்லை. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸுடன் சேர்த்தே மாணவர் கைக்குப் போனது. ஆசிரியர் பயிற்சியும் பாடமும் கேரளத்தில் நடந்த அளவுக்கு இங்கே கூடவே போகவில்லை. மென்பொருளை வட்டில் போட்டுக் கொடுப்பதோடு அரசு நின்றுவிட்டால் அது யாருக்கும் பழகாது. அரசு விட்ட இடத்தைத் தன்னார்வலர்கள் கொஞ்சம் நிரப்புகிறார்கள்: சென்னை லினக்ஸ் பயனர் குழு பல்லாண்டுகளாகக் கூடிவருகிறது, 2012இல் தொடங்கிய கணியம் இதழும் பின்னர் வந்த அதன் அறக்கட்டளையும் தமிழிலேயே கட்டுரைகளும் மின்னூல்களும் வெளியிடுகின்றன. கேள்வியைத் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

மியூனிக் நகராட்சி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டதே என்று விவரமறிந்தவர்கள் கேட்பார்கள். 2003இல் முடிவெடுத்து, 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய அந்த நகரம், 2017இல் விண்டோஸுக்குத் திரும்புவதாகத் தீர்மானித்தது உண்மை. கோப்புகள் ஒத்துப்போகவில்லை என்ற ஊழியர் குறைகள் இருந்தன. அரசியல் மாற்றமும் இருந்தது. அதே காலத்தில் பிரான்சின் தேசிய ஜான்டார்மரி காவல்படை ஓசையில்லாமல் வேறொரு வழியில் போனது. 2005இல் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு ஆஃபிஸ் மென்பொருளை மட்டும் மாற்றினார்கள். அதன் பிறகு உலாவி. ஊழியர்கள் புதிய மென்பொருள்களுக்குப் பழகிய பின்பு, 2008 முதல் படிப்படியாக உபுண்டு. இன்று அவர்களிடம் சுமார் ஒரு லட்சம் கணினிகள் அப்படி ஓடுகின்றன. 2024இல் 30,000 கணினிகளை மாற்ற முடிவெடுத்த ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் லிப்ரே ஆஃபிஸிலிருந்தே தொடங்கியது. வீட்டுக்கும் இதே வரிசை பொருந்தும். இன்றிருக்கும் விண்டோஸிலேயே ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ், விஎல்சி ஆகியவற்றைப் போட்டு இரண்டு மாதம் புழங்குங்கள். அவை கைக்கு வந்துவிட்டால், அடியில் உள்ள இயங்குதளம் மாறியதை வீட்டில் பாதிப் பேர் பொருட்படுத்தவே மாட்டார்கள்.

யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய நிரல் என்றால் திருடனும் பார்ப்பானே என்பதும் நியாயமான கேள்வி. லினக்ஸுக்கு ஆபத்தே வராது என்பவர்களை நம்பாதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்கக் கோப்புக்குப் பதிலாகக் கள்ளக்கதவு வைத்த கோப்பைச் சுமார் ஒரு நாள் கொடுத்துவந்தார்கள். தரவிறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும்படி சொல்வது இதனால்தான். 2024இல் எக்ஸ்இசட் என்ற சிறு கருவிக்குள், பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் கள்ளக்கதவைச் செருகினார். ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தொலை இணைப்பு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டி, அதைக் கண்டுபிடித்தார். அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில். நிரல் திறந்து கிடந்ததால்தான் வெளியாள் ஒருவரால் அடிவரை போய்ப் பார்க்க முடிந்தது. அன்றாடப் பயன்பாட்டுக்கான முதன்மை வெளியீடுகளைச் சென்றடையும் முன்பே அது பிடிபட்டது. மற்றபடி, ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவனிடமிருந்து எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

செய்யும் முறை எளிது, கவனம் மட்டும் வேண்டும். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, எட்சர் போன்ற கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து எழுப்புங்கள். வட்டில் உள்ள எதையும் தொடாமலே முழு இயங்குதளமும் திரையில் வரும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா, அச்சுப்பொறி வேலை செய்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவை உருவிவிட்டால் பழைய விண்டோஸ். நிறுவுவதென்று முடிவெடுத்தால் புகைப்படங்களையும் ஆவணங்களையும் முதலில் வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். வட்டு விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இயங்குதளத்தையும் அருகருகே வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் திருத்தம் அப்படிப்பட்ட கணினிகள் சிலவற்றில் லினக்ஸை எழவிடாமல் செய்தது என்பதையும் அறிந்திருங்கள். லினக்ஸ் வந்ததும் பழைய கணினி பறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 4 ஜிபி நினைவகத்தில் உலாவியின் இருபது பக்கங்களைத் திறந்தால் எந்த இயங்குதளமும் திணறும். பழைய சுழல்வட்டைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுவது வேறெதையும்விட அதிக வேகம் தரும். புதுக் கணினியின் விலையில் அது சிறு பங்குதான். லினக்ஸும் எல்லாக் காலத்துக்கும் எல்லா இயந்திரத்தையும் தாங்குவதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வெளியீடு, 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவுவதைக் கைவிட்டது. ஆனால் அவை ஏறக்குறைய இருபது ஆண்டுக்கு முந்தியவை.

லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். வீட்டிலிருக்கும் பழைய மடிக்கணினியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவில் போட்டுப் பாருங்கள். உங்கள் வேலைகள் அதில் நடந்தால் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நடக்காவிட்டாலும், பள்ளிப் பாடத்துக்கு ஒரு கணினி இல்லாத பிள்ளை பக்கத்தில் இருந்தால் லினக்ஸ் நிறுவி அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்.